இருக்கும் வீட்டை விற்று அடுத்த வீட்டுக்குப் போவது

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் சென்னையில் வாங்கிய இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறீர்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்துவிட்டார்கள். இதை விற்றுவிட்டுக் கொஞ்சம் பெரியதாக வாங்க வேண்டும். தனியாகச் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த வீட்டுப் பணம்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இந்த அத்தியாயம் அப்படிப்பட்டவர்களுக்கு.

விற்பதும் வாங்குவதும் தனித்தனியாக நடந்தால் சமாளித்துவிடலாம். ஒரே காலத்தில் நடக்கும்போது ஒரு வங்கி பத்து நாள் தாமதித்தாலும் மூன்று குடும்பங்களின் தேதி தள்ளிப்போகிறது: உங்களிடம் வாங்குகிறவர், நீங்கள், உங்களுக்கு விற்கிறவர். விலை பேசுவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். தேதிகளைக் கோத்து எழுதி வாங்குவதற்குத்தான் உங்கள் பொறுமை முழுவதும் தேவைப்படும்.

## எதை முதலில் செய்வது?

முதலில் விற்றுவிட்டு, வாடகை வீட்டில் இருந்துகொண்டு நிதானமாக வாங்கலாம். பணத்துக்கு இதுதான் பத்திரமான வழி. இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்க வேண்டும், நீங்கள் தேடும் காலத்தில் விலை ஏறவும் கூடும்.

முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விற்கலாம். பழைய வீடு விற்கும்வரை தாங்குவதற்குச் சில வங்கிகள் ‘பிரிட்ஜ் லோன்’ தருகின்றன. அதன் தவணைக் காலம் குறைவு, வட்டி சாதாரண வீட்டுக் கடனைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டு கடனுக்கும் சேர்த்து ஓராண்டு வட்டி கட்டும் தெம்பு சம்பளத்தில் இல்லையென்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம். நீங்கள் அவசரத்தில் இருப்பது தெரிந்தால் பழைய வீட்டைக் கேட்டு வருகிறவர்கள் விலையை இறக்கிக்கொண்டே போவார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: விற்பனை அக்ரிமெண்டை முதலில் போட்டு, வாங்கும் அக்ரிமெண்டை அதன் பின்னால் போட்டு, இரண்டு கிரயப் பதிவையும் ஒரு வார இடைவெளியில் முடிப்பது. இதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. உங்கள் வீட்டுக்கு விற்பனை அக்ரிமெண்ட் பதிவாகி, வாங்குகிறவருடைய கடனும் சாங்ஷன் ஆகும்வரை, புதிய வீட்டுக்குத் திரும்பி வராத பணம் எதையும் கொடுக்காதீர்கள். ‘இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறார்’ என்று புரோக்கர் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

## கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

வாங்கும் விலையிலிருந்து விற்கும் விலையைக் கழித்துப் பார்த்துவிட்டு, மீதிக்குக் கடன் வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவுச் செலவு வந்து நிற்கும்போது திகைத்துப் போகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள்.

விற்பனை:

- விற்கும் விலை: 72,00,000 ரூபாய்
- வங்கியில் இருக்கும் பழைய கடன் பாக்கி: 18,00,000
- வாங்குகிறவர் பிடிக்கும் 1 சதவீத வரி: 72,000
- புரோக்கர் கமிஷன், 1 சதவீதம் என்று பேசியிருந்தால்: 72,000
- கைக்கு வருவது: 52,56,000

வாங்குதல்:

- புதிய வீட்டின் விலை (மறுவிற்பனை ஃபிளாட்): 1,10,00,000
- முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 9,90,000
- புரோக்கர், 1 சதவீதம்: 1,10,000
- வக்கீல், பெயின்ட், சில்லறை மர வேலை, சாமான் ஏற்றுதல்: 2,50,000
- மொத்தம்: 1,23,50,000

பற்றாக்குறை 70,94,000 ரூபாய். விலைகளின் வித்தியாசமோ 38 லட்சம்தான்! எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு 71 லட்சம் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 61,600 ரூபாய். இந்தத் தவணையை இரண்டு மாதம் கையிலிருந்து தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். வீட்டுச் செலவு தடுமாறாமல் ஓடினால் மேலே போகலாம்.

வங்கிகள் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு இருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். பதிவுச் செலவை வங்கி பொதுவாக வீட்டு மதிப்பில் சேர்க்காது. ஆகவே மேலே சொன்ன 9,90,000 ரூபாயும் உங்கள் கைப்பணமாகத்தான் இருக்க வேண்டும்.

குறிப்பு: புதிதாகக் கட்டிய அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வைக் கணக்கு வேறு, மதிப்பைப் பொறுத்துத் தீர்வை மாறும். கட்டி முடியாத ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டியும் உண்டு: பொதுவாக 5 சதவீதம், 45 லட்சத்துக்குள் வரும் சிறிய வீடுகளுக்கு 1 சதவீதம். முடிவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

## விளம்பரத்துக்கு முன் கோப்பு

வாங்குகிறவருடைய வங்கி வக்கீல் கேட்கும் காகிதம் எல்லாம் முதல் நாளே உங்களிடம் இருந்தால், ஒரு மாதம் மிச்சம். இந்த வரிசையில் சேருங்கள்:

1. உங்கள் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள். அசல் யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள். நிலத்தின் மூலப்பத்திரம் ஃபிளாட் சங்கத்திடமோ பில்டரிடமோ இருக்கலாம்.
2. குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பழைய அடமானம் ஒன்று தீர்ந்தும் ரத்துப் பதிவு ஆகாமல் நிற்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.
3. தனி வீடென்றால் உங்கள் பெயரில் பட்டா, நில அளவை வரைபடம். ஃபிளாட்டுக்குத் தனிப் பட்டா பெரும்பாலும் இருக்காது. நிலத்தின் பட்டா நகலும், பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் உள்ள விவரமும் வேண்டும்.
4. அனுமதி பெற்ற வரைபடம், இருந்தால் முடிவுச் சான்று.
5. சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டண ரசீதுகள். மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.
6. அசோசியேஷனிடமிருந்து பாக்கி இல்லை என்று கடிதம்.
7. பெற்றோர் வழியாக வந்த சொத்தானால் வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரங்கள். ஒரு சகோதரி கையெழுத்து பாக்கி என்றால் அதை முதலில் முடியுங்கள். விலை பேசிய பிறகு கேட்டால் குடும்பத்தில் மனக்கசப்பு வரும்.

பால்கனியை மூடி அறையாக்கியது, மாடியில் ஒரு ஷெட் போட்டது போன்ற வரைபடத்தில் இல்லாத மாற்றங்களை வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வங்கியின் என்ஜினீயர் வந்து அளக்கும்போது எப்படியும் தெரியும். அந்தக் கட்டத்தில் தெரிந்தால் விலையும் குறையும், நம்பிக்கையும் போகும்.

பாதுகாப்பு: அசல் பத்திரத்தைப் புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நகல் அனுப்பினால், இன்னாருக்குப் பரிசீலனைக்காக மட்டும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே எழுதி, தேதி போட்டு அனுப்புங்கள். வீடு பார்க்க ஆட்கள் வரும் நேரத்தில் வயதானவர்களைத் தனியாக விடாதீர்கள். நகை, பணம், செக் புத்தகம் லாக்கருக்குப் போகட்டும்.

## வேலையின் வரிசை

1. உங்கள் கடன் தகுதி. புதிய வீட்டுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வங்கியில் எழுத்தில் வாங்குங்கள். பழைய கடன் விற்பனையோடு முடிந்துவிடும் என்று விண்ணப்பத்திலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தத் தவணையையும் கழித்துத்தான் தகுதி போடுவார்கள்.
2. விற்பனைக்கு வைத்தல். அதே வாரத்தில் புதிய வீடுகளைப் பார்க்கவும் தொடங்குங்கள். அட்வான்ஸ் எங்கும் வேண்டாம்.
3. வாங்குகிறவரைச் சலித்தல். கூடுதல் விலை சொல்கிறவரிடம், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அவரும் தன் வீட்டை விற்றுத்தான் உங்களுக்குத் தர வேண்டுமென்றால் சங்கிலி இன்னும் ஒரு கண்ணி நீள்கிறது. இரண்டு லட்சம் குறைத்துக் கேட்டாலும், கடன் முன் அனுமதியோடு வருகிறவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.
4. விற்பனை அக்ரிமெண்ட். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை அக்ரிமெண்டைப் பதிவு செய்தாக வேண்டும். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.
5. அவருடைய கடன் சாங்ஷன். காகிதம் சுத்தமாக இருந்தால் மூன்று முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாங்ஷன் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘ஆகிவிட்டது’ என்று வாயால் சொல்வது போதாது.
6. வாங்கும் அக்ரிமெண்ட். இப்போது புதிய வீட்டுக்கு அட்வான்ஸ். வக்கீல் அபிப்பிராயம் கையில் வந்த பிறகு.
7. பழைய கடனை முடித்தல். இதற்குத் தனிப் பகுதி கீழே.
8. உங்கள் வீட்டுக் கிரயப் பதிவு.
9. மூன்று முதல் ஐந்து வேலை நாள் இடைவெளி. டிடி கணக்கில் ஏறுவதற்கு.
10. புதிய வீட்டுக் கிரயப் பதிவு, பிறகு குடிபோதல்.

காலையில் விற்று மாலையில் வாங்கிவிடலாம் என்று இரண்டு பதிவையும் ஒரே நாளில் வைக்கச் சிலர் ஆசைப்படுவார்கள், முகூர்த்தம் அப்படி அமைந்துவிட்டது என்பார்கள். பதிவு அலுவலகத்தில் சர்வர் நின்றால், ஒரு சாட்சி ஆதாரை மறந்து வந்தால், எல்லாம் நின்றுவிடும். நல்ல நாள் வேண்டுமென்றால் புதிய வீட்டுப் பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பதிவு அதற்கு முந்தைய வாரத்தில் முடியட்டும்.

மாதத்தையும் யோசியுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். மாசி வாக்கில் விற்பனைக்கு வைத்தால் சித்திரை, வைகாசியில் இரண்டு பதிவும் முடிந்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடியேறலாம். முகூர்த்த நாட்களில் பதிவுத் துறை கூடுதல் டோக்கன் ஒதுக்குவது வழக்கம். ஆனாலும் முன்கூட்டியே எடுங்கள்.

## இரண்டு அக்ரிமெண்டிலும் என்ன எழுத வேண்டும்

ஆவண எழுத்தரிடம் இருக்கும் மாதிரி அக்ரிமெண்ட், ஒரு வீட்டை மட்டும் விற்கிறவருக்காக எழுதப்பட்டது. உங்களுக்கு அது போதாது. இவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

- கெடு. விற்பனைக்கு 75 நாள் என்றால், சில வாரம் கழித்துப் போடும் வாங்கும் அக்ரிமெண்டுக்கு 90 நாளாவது கேளுங்கள். வாங்கும் கெடு, விற்கும் கெடுவுக்குக் குறைந்தது ஒரு மாதம் பின்னால் முடிய வேண்டும். இந்த ஒரு மாதம்தான் உங்கள் பாதுகாப்பு.
- அட்வான்ஸ். வாங்கும்போது கொடுக்கும் அட்வான்ஸ், விற்றபோது வாங்கிய அட்வான்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- கடன் மறுக்கப்பட்டால். வீட்டுப் பத்திரத்தில் உள்ள குறையால் உங்கள் வங்கி கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். உங்களிடம் வாங்குகிறவருக்கும் இதே நியாயத்தைச் செய்யுங்கள்.
- கெடு தவறினால். அக்ரிமெண்டைப் பதிவு செய்த பிறகு அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அவர் பின்வாங்கினால், இருவரும் சேர்ந்து ரத்து ஆவணம் பதிந்தால்தான் அடுத்தவருக்குச் சிக்கலின்றி விற்க முடியும். எத்தனை நாளில் வந்து கையெழுத்திட வேண்டும், அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தம் என்பதை முதலிலேயே தீர்த்துவிடுங்கள்.
- வீட்டில் தங்குதல். பதிவுக்குப் பிறகு எத்தனை நாள் இருப்பீர்கள், நாள் வாடகை எவ்வளவு, சாவி எந்தத் தேதியில்.
- எதெல்லாம் வீட்டோடு போகும். ஏசி, மாடுலர் கிச்சன், இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிப்பான், கார் நிறுத்துமிடம். பட்டியல் போடுங்கள். கோடிக் கணக்கில் ஒத்துப்போன இரண்டு குடும்பங்கள் ஒரு கீசருக்காகச் சண்டையிட்டுப் பிரிய வேண்டாம்.

தங்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘நீங்கள் காலி செய்த பிறகு கடைசி மூன்று லட்சம் தருகிறேன்’ என்று வாங்குகிறவர் கேட்பார். பத்திரத்தில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட பின், அந்த மூன்று லட்சத்தை எதை வைத்துக் கேட்பீர்கள்? முழுப் பணத்தையும் பதிவன்றே வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு உத்தரவாதம் வேண்டுமென்றால் நீங்கள் ஒரு தொகையை டெபாசிட்டாகக் கொடுத்து, முப்பது நாளுக்கு ஒரு சிறு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

## பழைய வீட்டின் மேல் கடன் இருந்தால்

இந்த வேலையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உங்கள் அசல் பத்திரம் உங்கள் வங்கியில் இருக்கிறது. அசல் வராமல் வாங்குகிறவருடைய வங்கி பணம் தராது. பணம் வராமல் உங்கள் கடன் அடையாது, கடன் அடையாமல் அசல் வராது. இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழி உண்டு.

முதல் வழி, நீங்களே அடைத்தல். பாக்கி சிறியதாக இருந்தால் நகைக் கடனோ, வைப்பு நிதி மேல் கடனோ எடுத்து அடைத்துவிடுங்கள். அல்லது வாங்குகிறவர் தரும் அட்வான்ஸிலிருந்து அடையுங்கள். அட்வான்ஸ் என்றால், அந்தப் பணத்தை அவரே நேரடியாக உங்கள் கடன் கணக்கில் செலுத்தட்டும், ரசீது நகல் அவரிடம் இருக்கட்டும். அவருக்கு நிம்மதி, உங்களுக்கும் பேச்சு வராது. வரிசை இது:

1. வங்கியில் முன்கூட்டி முடிப்பதற்கான கணக்குக் கடிதம் கேளுங்கள். எந்தத் தேதிவரை எவ்வளவு, அதன்பின் ஒரு நாளைக்கு வட்டி எவ்வளவு என்று அதில் இருக்கும். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்னதாக முடிக்க அபராதம் கிடையாது.
2. அவர்களிடம் உள்ள அசல் ஆவணங்களின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்.
3. பணம் கட்டி, கடன் தீர்ந்த சான்று வாங்குங்கள்.
4. அசல்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பக்கம் எண்ணி வாங்குங்கள். முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் அசலைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும்.
5. கடன் வாங்கும்போது பதிந்த எம்ஓடி, அதாவது பத்திர ஒப்படைப்பு ஆவணத்துக்கு, ரத்து ரசீது பதிவாக வேண்டும். வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர நாள் கேளுங்கள்.
6. பத்து நாள் கழித்துப் புதிய வில்லங்கச் சான்று எடுத்து, ரத்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் வங்கி தன் உரிமையை நீக்க வேண்டும்.

ஐந்தாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடன் தீர்ந்து வருடங்கள் ஆகியும் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும், அதுவும் கிரயத்துக்கு முந்தைய வாரம்தான் வெளியே வரும்.

இரண்டாவது வழி, வங்கிக்கு வங்கி. பாக்கி பெரிதென்றால், வாங்குகிறவருடைய வங்கி அந்த அளவுக்கு உங்கள் வங்கி பெயரில் டிடி எடுத்துக் கடனை அடைக்கும். மீதிக்கு உங்கள் பெயரில் டிடி. அசல் பத்திரங்கள் அந்த வங்கியின் கைக்கே போகும். எல்லாக் கிளைகளும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு கிளை மேலாளர்களையும் முன்கூட்டியே பார்த்து, யார் எந்தத் தேதியில் எந்தக் கடிதம் தர வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். உங்கள் புதிய வீட்டுக் கடனை வாங்குகிறவருடைய வங்கியிலேயே எடுத்தால் இந்த வேலை வேகமாக நடக்கும். வட்டி கால் சதவீதத்துக்குள் வித்தியாசமென்றால் அந்த வசதிக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

## வாங்கும் வீட்டில் விட்டுவிடக்கூடாதவை

வீடு தேர்ந்தெடுப்பது பற்றி முந்தைய அத்தியாயங்களில் விரிவாக இருக்கிறது. அவசரத்தில் விட்டுப்போவது எது என்று மட்டும் இங்கே.

மேலே உங்கள் வீட்டுக்குச் சொன்ன கோப்பை அப்படியே அவரிடமும் கேளுங்கள். வங்கி வக்கீல் பார்க்கிறாரே என்று சும்மா இருக்காதீர்கள். அவர் பார்ப்பது வங்கிக்காக. உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும். பவர் பத்திரம் வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரை நேரில் சந்தியுங்கள், உயிர்ச் சான்று கேளுங்கள். பவரும் அக்ரிமெண்டும் சேர்ந்தாலும் உரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவான கிரயப் பத்திரம் இருந்தாக வேண்டும். பில்டரிடம் வாங்குவதானால் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை இணையதளத்தில் போட்டு, ஒப்படைக்கும் தேதி என்ன என்று பாருங்கள். கட்டி முடியாத வீட்டை நம்பி இருக்கும் வீட்டைக் காலி செய்வது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். ஒப்படைப்பு ஆறு மாதம் தள்ளினால் அத்தனை மாதமும் வாடகையும் தவணையும் சேர்ந்து போகும்.

## பணம் கைமாறும்போது

- அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். ‘பாதி வெள்ளை, பாதி கறுப்பு’ என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ரொக்கமாக வாங்கியதை அடுத்த வீட்டுக்குக் கணக்கில் காட்ட முடியாது, வங்கியும் அதை உங்கள் பங்காக ஏற்காது.
- விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிறவர் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும், அட்வான்ஸிலும்கூட. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்கும் வீட்டில் உங்களிடம் பிடிப்பார்கள். வாங்கும் வீட்டில் நீங்கள் பிடிக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் வட்டியும் கட்டணமும் உங்கள் தலையில். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் விகிதம் மிகவும் கூடுதல். ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.
- புதிய வீட்டு உரிமையாளரின் கணக்கை ஒரு வாரம் முன்பே நெட் பேங்கிங்கில் சேர்த்து, சிறு தொகை அனுப்பி, வந்ததா என்று கேளுங்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் பெரிய தொகை போகாது. கணக்கு எண் மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் குறுஞ்செய்தி வந்தால், நேரில் பேசிச் சரிபார்க்கும்வரை அனுப்பாதீர்கள்.
- டிடியை வாங்கும் முன் நகலைப் பெற்று, கொடுத்த கிளையில் உறுதி செய்யுங்கள். வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் டிடி யார் பெயருக்கு எவ்வளவு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

## பதிவு நாள்

வரைவுப் பத்திரத்தை மூன்று நாள் முன்பே வாங்கி வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். பெயர் எழுத்து, சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை, பிரிக்கப்படாத பங்கின் அளவு, வாகன நிறுத்துமிடம். ஓர் எண் மாறினாலும் பிழைதிருத்தல் பத்திரத்துக்காக மறுபடி எல்லோரையும் அழைத்து வர வேண்டும்.

அசல் அடையாள அட்டைகள், பான் அட்டை, இரண்டு சாட்சிகளும் அவர்களுடைய அட்டைகளும், அசல் மூலப்பத்திரம், கட்டணம் செலுத்திய ரசீது. இவற்றை முந்தைய இரவே ஒரு பையில் வையுங்கள். விற்கும்போது டிடி உங்கள் கைக்கு வந்த பிறகு கையெழுத்து. சாவி அதற்கும் பிறகு.

## வரி: விட்டுவிட்டால் லட்சங்கள் போகும்

வீட்டை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். விகிதம் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2011-12-இல் 32 லட்சத்துக்கு வாங்கி, 2025-26-இல் 72 லட்சத்துக்கு விற்றதாக வையுங்கள். முதல் கணக்கில் லாபம் 40 லட்சம், வரி 5 லட்சம். இரண்டாவதில் குறியீடு 184-இலிருந்து 376 ஆக உயர்ந்ததால் வாங்கிய விலை ஏறத்தாழ 65,39,000 ஆகிறது. லாபம் 6,61,000, வரி ஏறத்தாழ 1,32,000. இரண்டுக்கும் 4 சதவீத செஸ் தனி.

அடுத்த வீடு வாங்குகிறவருக்கு இந்த வரியும் வராமல் போகலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறுகிறது, ஆகவே ஆடிட்டரிடம் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியவை:

1. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற பின் இரண்டு ஆண்டுக்குள்ளோ வீடு வாங்க வேண்டும். கட்டுவதானால் மூன்று ஆண்டுக்குள்.
2. விற்றவர் பெயரிலேயே வாங்குங்கள். அப்பா பெயரில் இருந்த வீட்டை விற்று மகன் பெயரில் மட்டும் வாங்கினால் சலுகை கையைவிட்டுப் போகும்.
3. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு வருவதற்குள் வாங்கி முடிக்கவில்லையென்றால், பயன்படுத்தாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட வேண்டும். சாதாரண வைப்பு நிதியில் போட்டால் கணக்கில் வராது.
4. புதிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்காதீர்கள்.

அரசின் வழிகாட்டி மதிப்பு விற்கும் விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்பையே விலையாக வைத்து லாபம் கணக்கிடுவார்கள். விலை பேசும் முன் உங்கள் தெருவின் மதிப்பைப் பதிவுத் துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## சங்கிலி நடுவில் அறுந்தால்

வாங்குகிறவருடைய கடன் தள்ளிப்போனால் அன்றே உங்களுக்கு விற்கிறவரிடம் சொல்லுங்கள். மறைத்தால் கெடு முடியும் நாளில் அவர் கோபத்தோடுதான் பேசுவார். முன்பே தெரிந்தால் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று வாரம் தருவார்கள். அந்த நீட்டிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் விற்பனை முடிந்து, வாங்குவது நின்றுபோனால் பதற்றப்பட்டுக் கண்ணில் பட்ட வீட்டை வாங்காதீர்கள். பணம் உங்களிடம் இருக்கிறது, வரிச் சலுகைக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்குப் பக்கத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வாடகை வீடு பாருங்கள். பாதி சாமானைப் பிரிக்காமலே வையுங்கள்.

## குடிபோன முதல் மாதத்தில்

1. பூட்டுகளை மாற்றுங்கள். பழைய வீட்டு வேலைக்காரர், பால்காரர், பேப்பர் போடுகிறவர் கணக்கைத் தீருங்கள்.
2. புதிய வீட்டுக்குச் சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றம். பட்டா மாற்றத்துக்கு மனு.
3. பழைய வீட்டின் மின் இணைப்பு வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று கேளுங்கள். மாறும்வரை பில் உங்கள் பெயரில்தான் வரும்.
4. பழைய கேஸ் இணைப்பு, ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் முகவரி மாற்றம்.
5. புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, உங்கள் கிரயமும் வங்கியின் எம்ஓடியும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.
6. வரி பிடித்ததற்கான சான்றிதழைப் பழைய வீடு வாங்கியவரிடம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பிடித்ததற்கு உங்களுக்கு விற்றவரிடம் கொடுங்கள்.
7. இரண்டு கிரயப் பத்திர நகல், புரோக்கர் ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, மர வேலை, பெயின்ட் பில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, ரிட்டர்ன் தாக்கலுக்கு முன் ஆடிட்டரிடம் கொடுங்கள்.